விதிவிலக்குகளால் கரையும் திறந்தவெளி

சென்னை சென்ட்ரல் நிலையத்தைச் சுற்றி நாள்தோறும் பெருங்கூட்டம் வந்துபோகிறது. அந்தக் கூட்டத்தில் பலருக்கு, அங்கே ஒரு காலத்தில் 116 ஏக்கர் பரப்பில் ஒரு பூங்கா இருந்தது தெரியாது. 1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெலியன் பொதுமக்களுக்கென்று உருவாக்கிய ‘பீப்பிள்ஸ் பார்க்’ அது. குளங்கள், நடைபாதைகள், உயிரியல் பூங்கா என எல்லாம் அங்கே இருந்தன. அந்த நிலத்திலும் அதையொட்டியும் 1880களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அந்த இடத்தில் ரயில்வே கட்டடமும், அங்கிருந்த வியாபாரிகளுக்காக அல்லிக்குளத்தில் வணிக வளாகமும் வந்தன. உயிரியல் பூங்கா வண்டலூருக்குப் போனது. இன்று பூங்கா என்று சொல்ல எஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சிறு துண்டுகள் மட்டுமே.

இந்தக் கட்டடங்களில் எதையும் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. மண்டபம், சந்தை, மாநகராட்சி அலுவலகம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நியாயமான தேவை இருந்தது. 116 ஏக்கரையும் யாரும் ஒரே நாளில் வளைத்துப்போடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் எடுத்தார்கள். நகரங்களில் திறந்தவெளி பெரும்பாலும் இப்படித்தான் அழிகிறது. ஆக்கிரமிப்பாளர்கள் மீது நமக்கு வரும் கோபம் நியாயமானது. ஆனால், அனுமதியோடும் அரசாணையோடும் நல்ல நோக்கத்தோடும் பறிபோகும் நிலத்தை அந்தக் கோபத்தால் காப்பாற்ற முடியாது. அதைக் காக்க வேண்டியது விதி. நம் விதிகளோ விலக்குகளால் நிரம்பியிருக்கின்றன.

சட்டம் சொல்வது என்ன?

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே 1959இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் எல்லையில் உள்ள பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும்; பட்டியலில் உள்ள நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. ஆனால், அரசு முன் அனுமதி தந்தால் மாற்றலாம். தடையையும் விலக்கையும் அந்தச் சட்டம் சேர்த்தே வைத்திருக்கிறது.

அடுத்து வந்தது 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம். பெருந்திட்டத்தில் ஒரு நிலத்தைப் பூங்காவுக்கு என்று குறித்துவிட்டால் அது பூங்காவாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 38ஆவது பிரிவு சொல்வது வேறு. குறித்த மூன்று ஆண்டுகளுக்குள் அந்த நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு வெளிவராவிட்டாலோ, உரிமையாளருடன் பேசி வாங்காவிட்டாலோ ஒதுக்கீடு தானாகவே விலகியதாகக் கருதப்படும். நில உரிமையாளரை ஆண்டுக்கணக்கில் தொங்கலில் விடக் கூடாது என்ற நோக்கம் சரியானதே. அதன் விளைவு என்னவென்றால், உள்ளாட்சியிடம் பணம் இல்லை, கோப்பு நகரவில்லை என்ற காரணங்களால் மட்டுமே வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருந்த இடங்கள் கைநழுவிப் போகின்றன.

அதே சட்டத்தின் 113ஆவது பிரிவு, எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் சட்டத்தின் எந்த விதியிலிருந்தும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதன் பின்னே சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு, விதியை மீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரைமுறைப்படுத்த வழி செய்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுகள் செல்லும் என்று ஏற்றது. ஆனால், விலக்கு அதிகாரத்தை மனம்போனபடி பயன்படுத்தக் கூடாது என்பதையும், காரணங்கள் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. ஒரே ஒருமுறை என்று சொல்லப்பட்ட வரைமுறைத் திட்டம் அதோடு நிற்கவில்லை. காலக்கெடுவை நீட்டி நீட்டிப் பின்னர் வந்த திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

பத்து சதவீதக் கணக்கு

இன்று நகரத்துக்குப் புதிதாகத் திறந்தவெளி கிடைக்கும் முக்கியமான வழி ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீடு. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டர் வரையுள்ள மனையில் கட்டுபவர் எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் 10% நிலம் தரலாம். அல்லது அதற்கு ஈடாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10% நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே பணம் கட்டித் தப்ப முடியாது.

இந்த விதியை எதிர்த்து அடுக்குமாடி உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீடு தராமல் நிலத்தை வாங்குவது சொத்துரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, சட்டத்தின் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. குறை அதன் மேல் எழுப்பிய கணக்கில்தான் இருக்கிறது.

முதல் குறை, படிக்கட்டு போன்ற அளவுகள். 10,000 சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டால் நிலம் தர வேண்டியதில்லை, பணம் போதும். அந்தப் பணமும் சந்தை விலையில் கணக்கிடப்படுவதில்லை. வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பெரிய நிலத்தைப் பல பத்திரங்களாகப் பிரித்துத் தனித்தனியாக அனுமதி கேட்கும் ஆசையை விதியே தூண்டிவிடுகிறது. தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். பத்துப் பன்னிரண்டு கிரவுண்டு மனையில் இருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டு மாடி மேல் மாடி கட்டும்போது நகரத்துக்கு ஒரு சதுர அடித் திறந்தவெளிகூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஏனோ அதிகம் பேசப்படவில்லை. ஒதுக்கீடு நிலத்தின் பரப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அங்கே குடிவரப்போகும் மனிதர்களை வைத்து அல்ல. 2019 விதிகள் உயர்மாடிக் கட்டடங்களுக்கான தளப் பரப்புக் குறியீட்டை (எஃப்.எஸ்.ஐ.) சென்னையில் முன்பிருந்த 2.5லிருந்து 3.25ஆக உயர்த்தின. திறந்தவெளி ஒதுக்கீடோ 10% என்ற அளவிலேயே நின்றுவிட்டது. 20,000 சதுர மீட்டர் மனையை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காகச் சாலைகளை விட்டுவிட்டால் பூங்காவுக்குக் கிடைப்பது 2,000 சதுர மீட்டர். பழைய குறியீட்டின்படி 50,000 சதுர மீட்டர் கட்டலாம். வீட்டுக்கு 100 சதுர மீட்டர், நான்கு பேர் என்று வைத்தால் 500 வீடுகள், 2,000 பேர். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் திறந்தவெளி. புதிய குறியீட்டின்படி 650 வீடுகள், 2,600 பேர். பூங்கா அதே 2,000 சதுர மீட்டர். ஆளுக்கு முக்கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள் 2014இல் பரிந்துரைத்ததோ ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர். கட்டும் உரிமையைக் கூட்டிக்கொடுக்கும்போது அதனோடு சேர்ந்து கூட வேண்டிய கடமையை நாம் மறந்துவிட்டோம்.

அரசே கட்டினால்?

தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அந்த நிலம் என்ன ஆகிறது? புறநகர் மனைப்பிரிவு எதிலாவது போய்ப் பார்க்கலாம். அங்கீகரித்த வரைபடத்தில் ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும் இடத்தில் முதலில் நிற்பது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. அதன் காலடியில் பம்பு அறை. ஒரு மூலையில் கம்பி வேலிக்குள் மின்மாற்றி. இன்னொரு பக்கம் ரேஷன் கடை, அதையடுத்துத் தகரக் கூரை போட்ட குப்பை தரம் பிரிக்கும் கொட்டகை. நடுவில் இரண்டு ஆட்டோக்கள் திரும்பும் அளவுக்கு மண் தரை மிச்சமிருக்கிறது. பம்பு அறைச் சுவரில் கரியால் மூன்று ஸ்டம்புகள் வரைந்து பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். பந்து மின்மாற்றி வேலிக்குள் விழுந்தால் ஆட்டம் அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்தக் கட்டடங்கள் எல்லாம் மக்களுக்கு வேண்டியவைதான். ஆனால், அவற்றுக்கென்று நிலம் தேடும் சிரமத்தை ஒரு துறை தவிர்க்க நினைக்கும்போது, கைக்கு எட்டும் தூரத்தில், வழக்கு இல்லாமல், விலை இல்லாமல் கிடைப்பது ஓ.எஸ்.ஆர். நிலம். மனைப்பிரிவுக்குப் பூங்கா போல, தண்ணீர்த் தொட்டிக்கும் ரேஷன் கடைக்கும் தனி ஒதுக்கீடு வைத்தால் இந்த நெருக்கடியே வராது. பூங்காவுக்கென்று கொடுத்த நிலத்தில் எல்லாவற்றையும் கட்டுவது, அந்த நிலத்தை வாங்கியபோது செய்த ஒப்பந்தத்தை மீறுவது.

பெரிய அளவிலும் இதே கதைதான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் நிலத்தில் கட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குப்பைக்கிடங்கு, ரயில் தடம், அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் எல்லாம் இடம்பிடித்தன. அரசே முன்னின்று கட்டிய பிறகு, அதே ஏரியின் கரையில் குடிசை போட்டவரை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று அப்புறப்படுத்தும்போது சட்டத்தின் மீதான மரியாதை குறைகிறது.

நல்ல காரியத்துக்காகப் பூங்காவை எடுக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1991இலேயே தெளிவான பதில் சொல்லியிருக்கிறது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்த முத்தப்பா உள்ளிட்டோர் வழக்குத் தொடர்ந்தனர். மருத்துவமனை மக்களுக்கு நல்லதுதானே என்பது எதிர்த்தரப்பின் வாதம். மருத்துவமனை எவ்வளவு அவசியமானாலும் அது பூங்காவுக்கு மாற்றாகாது என்று நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. சுற்றுவட்டாரத்தில் வாழும் எவருக்கும் இதை எதிர்த்துக் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தீர்ப்பின் சாரம் நம் விதிப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. ஒவ்வொரு தெருவும் தன் பூங்காவைக் காக்க நீதிமன்றப் படியேறித்தான் ஆக வேண்டும் என்றால், வழக்குச் செலவு தாங்காத தெருக்களின் பூங்காக்கள் போய்விடும்.

வரைபடம் இல்லாத பாதுகாப்பு

பள்ளிக்கரணை இன்னொரு பாடம் சொல்கிறது. 2022இல் அதன் 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் கையில் காப்புக்காடாக இருப்பது அதில் சுமார் 700 ஹெக்டேர். மீதி எங்கே தொடங்குகிறது, எந்தெந்த சர்வே எண்கள் அதற்குள் வருகின்றன என்பது தரையில் அளந்து முடிக்கப்படாமலேயே ஆண்டுகள் ஓடின. எல்லை தெளிவாகாத இடைவெளியில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி கோரிக் கோப்புகள் நகர்ந்தன. கடைசியில் 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கும் புதிதாகத் திட்ட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அளந்து எல்லைக்கல் நட்டிருந்தால் இவ்வளவு அகலமான தடை தேவைப்பட்டிருக்காது. வீடு வாங்க முன்பணம் கட்டியவர்களும் தவித்திருக்க மாட்டார்கள். தெளிவான விதி கட்டுநருக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது.

வீடுகள் வேண்டாமா?

ஒரு நியாயமான கேள்வி எழும். கூரையில்லாதவர் இத்தனை பேர் இருக்கும்போது நிலத்தைக் காலியாக வைத்திருப்பது வசதி படைத்தவர்களின் ஆசையல்லவா? எனக்கு இந்தக் கேள்வி முக்கியமானது. ஆனால், திறந்தவெளி பறிபோனால் முதலில் அடிபடுவது யார் என்று பார்க்க வேண்டும். வசதியுள்ளவருக்கு கிளப் இருக்கிறது, வளாகத்துக்குள் நடைபாதை இருக்கிறது, வார இறுதியில் போகக் கடற்கரைப் பங்களா இருக்கிறது. நானூறு சதுர அடிக்கும் குறைவான வீட்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்குப் பொதுத் திடல்தான் பிள்ளைகளின் முற்றம், பெரியவர்களின் திண்ணை, வெயில் கால மாலையின் காற்று. நகரத்தின் நடுவிலிருந்து எடுத்து, கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் நாம் குடியேற்றிய மக்களுக்கு அந்தத் திடலை யாரைவிடவும் அதிகம் தர வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏரிகளும் தாழ்நிலங்களும் கட்டடங்களாகிவிட்டிருந்தன என்பதையும் மறக்க முடியாது. வீட்டுக்கு நிலம் வேண்டும் என்றால், பாதி காலியாகக் கிடக்கும் அரசு அலுவலக வளாகங்களையும், பழுதடைந்த பழைய வாரியக் குடியிருப்புகளையும், மெட்ரோ வழித்தடங்களையும் முதலில் பார்க்கட்டும். திடலைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

லண்டன் நகரம் இதற்கு ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. அங்கே நகரத்துக்குள் உள்ள பெரிய திறந்தவெளிகளைப் ‘பெருநகரத் திறந்த நிலம்’ என்று தனியே வகைப்படுத்தி, நகரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்துக்கு நிகரான பாதுகாப்புத் தருகிறார்கள். அதில் கட்ட வேண்டுமானால் மிகவும் அசாதாரணமான சூழல் இருப்பதைக் கட்டுபவர்தான் நிறுவ வேண்டும். மற்ற பூங்காக்கள், திடல்களுக்கும் இங்கிலாந்தின் தேசியத் திட்டக் கொள்கை நிபந்தனைகள் வைத்திருக்கிறது: அந்த இடம் உண்மையிலேயே தேவைக்கு மிஞ்சியது என்று ஆய்வு காட்ட வேண்டும், அல்லது அதற்குச் சமமான, அதைவிடச் சிறந்த இடத்தைப் பொருத்தமான பகுதியில் தர வேண்டும், அல்லது அங்கே வருவது இழப்பை மிஞ்சும் பயனுள்ள விளையாட்டு, பொழுதுபோக்கு வசதியாக இருக்க வேண்டும். இந்த விதியும் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதில்லை. விம்பிள்டன் டென்னிஸ் சங்கம் பழைய கோல்ஃப் மைதானத்தில் 38 ஆடுகளங்களும் 8,000 இருக்கைகள் கொண்ட அரங்கமும் கட்ட 2024இல் அனுமதி பெற்றது. பகுதி மக்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். ஆனால், ஏன் இங்கே, ஏன் வேறிடம் இல்லை என்பதற்கான காரணங்கள் எழுத்தில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைக்கப்பட்டன. நமக்கு முதலில் வேண்டியது அந்த ஒழுங்கு.

நமக்கு வேண்டிய விதி

திறந்தவெளியில் எதைக் கட்டக் கேட்டாலும், கேட்பது தனியாரானாலும் அரசுத் துறையானாலும், மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும் என்று விதி இருக்கட்டும். வேறு இடங்களைத் தேடினீர்களா, எவை, ஏன் பொருந்தவில்லை? இழக்கும் பரப்புக்குச் சமமான நிலத்தை அதே வட்டாரத்தில், நடந்துபோகும் தொலைவில், கட்டடம் தொடங்கும் முன்பே ஒப்படைப்பீர்களா? அந்தப் பகுதியின் வார்டு குழுவும் பகுதி சபையும் இதைப் பற்றிக் கூடிப் பேசினவா? 2022இல் தமிழ்நாட்டில் விதிகளோடு நடைமுறைக்கு வந்த பகுதி சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

இதோடு, ஒவ்வொரு ஓ.எஸ்.ஆர். நிலத்துக்கும் சர்வே எண், பரப்பு, தானப் பத்திர எண், இன்றைய பயன்பாடு ஆகியவை வரைபடத்தோடு இணையத்தில் இருக்க வேண்டும். தானப் பத்திரம் பதிவானதும் பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாற வேண்டும். இந்த ஒரு வேலை தள்ளிப்போவதாலேயே பழைய உரிமையாளரின் பெயரில் மறுபடி விற்பனைகள் நடக்கின்றன. நிலத்துக்கு ஈடாக வசூலித்த பணம் வசூலான வட்டாரத்திலேயே, குறித்த காலத்துக்குள், நிலமாக மாற வேண்டும். தளப் பரப்புக் குறியீடு கூடும் இடமெல்லாம் ஒதுக்கீடும் கூட வேண்டும். மதிலுக்குள் அடைபட்ட ஓ.எஸ்.ஆர். பூங்காக்களின் கதவு தெருவுக்குத் திறக்க வேண்டும்.

இதைச் சொல்ல இதுவே நேரம். 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பெருந்திட்டத்தின் காலம் 2026உடன் முடிகிறது. 2046 வரைக்கான மூன்றாம் பெருந்திட்டத்தைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தயாரித்துவருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசாணை வந்துவிட்டது. அந்தப் புதிய பரப்பில் ஏரிகளும் மேய்க்கால் நிலங்களும் தோப்புகளும் இன்னும் மிச்சமிருக்கின்றன. கிண்டியில் 1945இல் 99 ஆண்டு குத்தகைக்கு விட்ட சுமார் 160 ஏக்கர் குதிரைப் பந்தய மைதானத்தை 2024இல் அரசு திரும்ப எடுத்தது. வழக்குகள் ஒருபுறம் நடக்கின்றன. அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமையும் என்ற அறிவிப்பு மனதார வரவேற்கத்தக்கது. நகரின் நடுவே இவ்வளவு பெரிய நிலம் இனியொரு முறை கிடைக்காது. அதில் ஒரு மூலை இந்தத் துறைக்கு, இன்னொரு மூலை அந்தத் திட்டத்துக்கு என்று கோரிக்கைகள் வரத்தான் செய்யும். ஒவ்வொன்றும் நல்ல காரணத்தோடுதான் வரும். அன்றைக்கு மறுத்துச் சொல்ல ஓர் அதிகாரிக்கோ அமைச்சருக்கோ துணிவு மட்டும் போதாது. கையில் ஒரு விதி வேண்டும். அந்த விதியை மூன்றாம் பெருந்திட்டத்தின் வரைவிலேயே எழுதிவைக்க வேண்டும். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று நாம் ஒவ்வொருவரும் ஆட்சேபம் எழுதி அனுப்ப வேண்டும்.